நான் வைத்த இரண்டு புள்ளி

ஜோக்கர் கையை நீட்டிக்கொண்டு நின்றான். மரத்தில் செய்த ஜோக்கர். சிவப்பு மூக்கு, மஞ்சள் தொப்பி, பெயிண்ட் உரிந்த சிரிப்பு. நீட்டிய கைக்குக் கீழே என் மகள் யாழினி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தலைக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் போலிருந்தது. தண்ணீர்ச் சறுக்குக்குக் காவல் நின்ற ஆள் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஒரு விரலை நுழைத்தே பார்த்துவிட்டார். நுழைந்தது.

"நாலடி இல்ல பாப்பா. அடுத்த வருஷம் வா."

யாழினி வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றிருந்த அவள் வகுப்புப் பெண் ஒருத்தி ஜோக்கர் கையில் தலை இடித்து, அதைப் பெருமையாகத் தேய்த்துக்கொண்டே படியேறிப் போனாள்.

"ரிஜெக்ட்டாப்பா?" என்று கேட்டாள் யாழினி.

எட்டு வயதுக் குழந்தைக்கு அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யாரும் என்னைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் கருகிய தோசை ரிஜெக்ட். ஒரு பக்கம் மட்டும் கருகி, சுரண்டினால் தேறும் என்றால் ரிவொர்க்.

"ரிவொர்க் பண்ண முடியாதாப்பா?" என்றாள் அடுத்து. கண் நிறைந்துவிட்டது. ஜோக்கர் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வாளி கவிழும் நேரம்

போன கோடைக்கு முந்தைய கோடை அது. எங்கள் கம்பெனி போச்சம்பள்ளியில் இருக்கிறது. வருடா வருடம் குடும்ப தினம் என்று ஒன்று நடத்துவார்கள். கேண்டீனில் ஒரு பிரியாணி, ஒரு மியூசிக்கல் சேர், பெரிய அதிகாரியின் மனைவி கையால் ஆளுக்கொரு டிபன் பாக்ஸ். இத்தோடு குடும்பம் முடிந்துவிடும். அந்த வருடம் யாருக்கோ ஞானம் பிறந்து, எல்லோரையும் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லை ஓரம் இருந்த ஒரு தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் ஒவ்வொருவரும் ஷிப்டுக்குப் போகும்போது உட்காரும் அதே சீட்டில் உட்கார்ந்தோம். மனைவி மக்களை மடியிலும் வழியிலும் நிறுத்திக்கொண்டோம். சீட்டை மாற்றினால் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது.

நாங்கள் குடியிருப்பது தொரப்பள்ளி போகும் பக்கம் புதிதாக முளைத்த ஒரு லேஅவுட்டில். அங்கே தண்ணீர் லாரியில் வரும். என்றைக்கு வரும் என்பது லாரிக்காரருக்கே தெரியாது. ஆளுக்கு ஒரு பக்கெட் என்று என் மனைவி சுமதி சட்டம் போட்டிருக்கிறாள். பல் துலக்கும்போது யாராவது குழாயைத் திறந்து வைத்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சு நின்றுவிடும். அப்பேர்ப்பட்ட குடும்பம் பஸ் ஏறிப் போய், தலைக்கு மேலே தொங்கும் ராட்சத வாளி எப்போது கவிழும் என்று வாயைப் பிளந்து காத்துக்கொண்டு நின்றது.

கவிழ்ந்தது. நாங்கள் தொப்பலாக நனைந்த பிறகு தண்ணீர் எல்லாம் சாக்கடைப் பக்கம் ஓடியது. சுமதி அதை ஓடி மறையும் வரை பார்த்தாள்.

"நாப்பது கொடம் இருக்கும்ங்க," என்றாள். அவள் கல்லாவி ஊர்ப் பெண். விவசாயக் குடும்பம். தண்ணீர் சும்மா ஓடுவதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரியும். அடுத்த முறை வாளி கவிழ்வதற்கு முன் அவள் எங்கள் நான்கு வயது மகன் கவினைத் தூக்கிக்கொண்டு, ஒரு காளான் குடையிலிருந்து தூறல் விழும் சின்னக் குழந்தைகள் பகுதிக்குப் போய்விட்டாள்.

தண்ணீரில் இறங்க வேண்டுமானால் நைலான் உடைதான் போட வேண்டும் என்பது அங்கே கறாரான விதி. வாடகைக்குத் தருவார்கள். எங்கள் பேக்கிங் பிரிவுப் பெண்கள் சேலையை மடித்துப் பையில் வைத்துவிட்டு முழங்கால் நைலானில் வந்து நின்று, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தே முதல் கால் மணி நேரம் களைத்தார்கள். நான் மாட்டேன் என்றுவிட்டேன். முந்தைய ஆள் கழற்றிப் போட்ட ஈரம் காயாத டிராயருக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பைகளுக்குக் காவல் என்ற உயர்ந்த பதவி எனக்கு வந்தது.

காட்டன் பேண்ட், முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் பச்சைப் பேனா, சாவிக்கொத்தில் ஒரு குட்டி ஸ்டீல் டேப். ஞாயிற்றுக்கிழமையிலும் நான் இன்ஸ்பெக்டர்தான்.

ரிஜெக்ட் முருகேசன்

இந்தத் தொடரை நடுவில் படிக்க வருகிறவர்களுக்காக ஒரு வரி. நான் க்வாலிட்டி இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. அளவு சரியாக இருந்தால் பச்சை பெயிண்ட் பேனாவால் அதன்மேல் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி இருந்தால் அது லாரி ஏறலாம். இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டியில் கிடக்கும். அந்தப் பச்சைப் புள்ளி எண்ணெயில் போகாது, மெஷினைக் குளிர்விக்கும் கூலண்டில் போகாது, துடைத்தால் போகாது. புள்ளி வைத்தவன் பெயரும் அதைவிட்டுப் போகாது.

அளவு ஒரு முடி அளவு தவறினாலும் விட மாட்டேன் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. முதுகுக்குப் பின்னால் என்னை 'ரிஜெக்ட் முருகேசன்' என்று சொல்வார்கள். தெரிந்ததும் முதலில் கோபப்பட்டேன். பிறகு உள்ளூர சந்தோஷப்பட்டேன்.

உற்பத்திப் பிரிவைப் பார்க்கிற தனபாலுக்கு அந்தச் சந்தோஷம் கிடையாது. மேச்சேரிக்காரர். நல்ல மனிதர். அவர் செய்து அனுப்புவதை நான் திருப்பி அனுப்புவேன். டீவியேஷன் என்று ஒரு தாள் உண்டு. அளவு கொஞ்சம் தவறினாலும் பரவாயில்லை, இந்த ஒரு தடவை போகட்டும் என்று இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. ஆறு வருடமாக அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரே நிற்பார். ஆறு வருடமாக நான் கையெழுத்துப் போட்டதில்லை.

மனெ இல்லி

என் இன்னொரு கர்வம் தமிழ். நான் கோவில்பட்டிப் பக்கம். ஓசூருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. இந்த ஊரில் பால்காரர் தெலுங்கு, காய்கறிக்காரம்மா கன்னடம், வீட்டுக்காரர் காலையில் ஒன்று மாலையில் ஒன்று. எல்லோரும் எல்லாவற்றிலும் பேசுவார்கள். நான் மட்டும் எதையும் கற்றுக்கொள்ளாமல் தப்பித்துவிட்டேன். கேட்டால், எல்லோருக்கும் தமிழ் புரிகிறதே என்பேன்.

வந்த முதல் வாரம் வாடகைக்கு வீடு தேடினேன். ஒரு தெருவில் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் பக்கத்துக் கதவைக் காட்டி, "மனெ இல்லி," என்றார். மனை இல்லையாம். நான் மனையா கேட்டேன், வீடுதானே கேட்டேன் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தேன். அடுத்த வீட்டில் ஒரு அம்மாவும் அதையே சொன்னார். அந்தத் தெருவே எனக்கு வீடு தரக்கூடாது என்று பேசி வைத்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். பத்து நாள் லாட்ஜில் கிடந்த பிறகுதான் ஒருவர் சொன்னார்: மனெ என்றால் வீடு, இல்லி என்றால் இங்கே. 'வீடு இங்கேதான் இருக்கிறது' என்று இரண்டு பேர் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறார்கள். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இதிலிருந்து ஒருவன் பாடம் கற்றிருக்க வேண்டும். நான் கன்னடத்தின் மேல் வருத்தப்பட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

மகள் பிறந்ததும் பெயரில் 'ழ' இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து யாழினி என்று வைத்தேன். எங்கள் தெருவுக்கு அந்த எழுத்து வாயில் வராது. "யாளினி, பா பா," என்று கூப்பிடுவார்கள். பா என்றால் வா. நான் பைக்கை நிறுத்தி, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று தெருவில் நின்று வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரி சார்," என்று சொல்லி, திரும்பி, "யாளினி," என்பார்கள். யாழினி எதற்கும் அலட்டிக்கொள்ளாமல் அவர்களோடு விளையாடப் போய்விடுவாள். என்ன மொழியில் விளையாடுகிறாள் என்று நான் கவனித்ததில்லை.

பன்னிரண்டு மில்லி

ஜோக்கர் கைவிட்ட பிறகு அவளைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். உருகி முழங்கை வரை வழிந்தது. நக்கக்கூட இல்லை. நீச்சல் தொட்டியின் ஓரம் நாங்கள் நின்றிருந்தோம். வகுப்புப் பெண் சறுக்கிலிருந்து விழுந்து விழுந்து எழும் சத்தம் அங்கேயும் கேட்டது.

"இதுலயாவது எறங்கறேன்ப்பா," என்றாள்.

நான் பொறுப்பான தகப்பன். உடனே விடுவேனா? விதி என்ன என்று பலகையைத் தேடினேன். இருந்தது. மேலே இங்கிலீஷில் ஏதோ. அதன்மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் கன்னடம், வட்ட வட்டமாக. கீழே தமிழ். 'ஆள 4 அடி'.

ஜோக்கர் சொன்னதையேதான் இதுவும் சொல்கிறது என்று எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ஆள் 4 அடி. ஆள் நாலடி உயரம் இருக்க வேண்டும். பெயிண்டருக்குத் தமிழ் தெரியாது, 'ள'வுக்கு மேல் புள்ளியை விட்டுவிட்டான். பலகை எழுதுகிறவனுக்கு ஒரு புள்ளி வைக்கத் துப்பில்லை என்று யாழினியிடம் சொல்லி அலுத்துக்கொண்டேன். மனத்துக்குள் அந்தப் புள்ளியை நானே வைத்தேன்.

யாழினி பலகையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

சாவிக்கொத்தை எடுத்தேன். அவளைப் பலகைக் கம்பத்தோடு ஒட்டி நிற்க வைத்து, குதிகால் தரையில் படிகிறதா என்று பார்த்து, தலைமேல் என் அடையாள அட்டையை மட்டமாக வைத்து, முறைப்படி அளந்தேன். நாலடி என்றால் ஆயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது மில்லி. அவள் ஆயிரத்து இருநூற்று ஏழு. பன்னிரண்டு மில்லி குறைவு.

பன்னிரண்டு மில்லி குறைந்த ஒரு பாகம் எங்கள் லைனில் வந்தால் மெஷினையே நிறுத்திவிடுவேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ஐஸ்கிரீம் அவள் மணிக்கட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு இன்னொரு முறை இந்தக் குழந்தையை ரிஜெக்ட் செய்ய என்னால் முடியாது என்று தோன்றியது. அந்த நினைப்புக்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் கையைத் துடைத்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, மணிக்கட்டில் ஒரு புள்ளி வைத்தேன்.

"பாஸ்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வழியாக நைலான் டிராயரில் வந்த தனபால் பார்த்தார். "என்னங்க சார், டீவியேஷனா? ஆறு வருசமா எனக்கு ஒரு கையெழுத்து போட மனசு வரல உங்களுக்கு," என்றார்.

"கஸ்டமர் அழறாங்க தனபால். அர்ஜென்ட் ஆர்டர்," என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்கு அன்று நகைச்சுவை பிரமாதமாக வந்தது.

தூரத்திலிருந்து சுமதி பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தாள். "என்னாத்துக்குங்க அந்தப் பெரிய தொட்டி? இங்கயே வெளாடட்டும், அனுப்புங்க."

"நான் அளந்துட்டேன் சுமதி," என்று கத்தினேன். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

நம்ம ஆளுதான்

தொட்டிக்கு உள்ளே முழுக்க நீலப் பெயிண்ட். தண்ணீர் நீலமாகப் பளபளத்ததே தவிர அடி எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, தாலியை வாடகை நைலானோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டு, இடத்தை விட்டு அசையாமல் இருந்தார். தண்ணீர் அவர் தோள் வரை இருந்தது. அளந்து பிழைக்கிற ஒருவனுக்கு அந்தத் தோள் ஒன்றே போதும். நான், பாவம், முட்டி வலியில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

யாழினி முதுகைக் காட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். நான் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தேன். கடைசிப் படியில் நின்றபோது தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது. திரும்பி, பச்சைப் புள்ளி தெரிகிற மாதிரி கையை ஆட்டினாள்.

அந்த அம்மா அவளையும் என்னையும் பார்த்து, கையை நீட்டி, உரக்க ஏதோ சொன்னார். "ஆள அதெ! ஆள அதெ!"

'ஆளு அதா?' என்று கேட்கிறார். உங்க ஆளு அதுதானா என்று விசாரிக்கிறார். எவ்வளவு நல்ல மனது.

"ஆமாங்க, நம்ம ஆளுதான்," என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன்.

யாழினி கம்பியை விட்டாள்.

தலைமுடி மட்டும் மேலே விரிந்தது. முதலில் சிரித்தேன். மூழ்கி விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒரு கை மேலே வந்தது. கை மட்டும். மணிக்கட்டில் பச்சைப் புள்ளி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. உடனே உள்ளே போயிற்று.

உடனே குதித்தேன் என்று எழுத ஆசைதான். பொய் எழுத இந்தப் பக்கம் எனக்குத் தரப்படவில்லை. நான் நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்தால் அதை அதிசயமாகப் பார்க்க ஆள் வருவார்கள். நீச்சலெல்லாம் எங்களுக்குக் கேள்விப்பட்ட சமாச்சாரம். இந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆழம் எவ்வளவு என்று ஒரு பலகை வைக்கக்கூடாதா என்றுதான் அந்த நேரத்தில் என் மூளை கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

இரண்டு நொடி இருக்கும். அதற்குள் அந்த அம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்து வந்து, யாழினியின் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் நான் குதித்தேன். போனோடு, செருப்போடு, முழுக்கைச் சட்டையோடு. மூழ்கப்போகிறோம் என்று கண்ணை மூடினேன். கால் தரையில் பட்டது. தண்ணீர் என் மார்பு வரைதான் இருந்தது.

விசில் சத்தம் கேட்டது. காவலர் ஒருவர் ஓடி வந்தார். குழந்தைக்காக ஓடி வருகிறார் என்று நினைத்தேன்.

"சார், காட்டன் பேண்ட் அலவ் இல்ல. வெளிய வாங்க சார், வெளிய வாங்க," என்றார்.

மொழிபெயர்ப்பு

கரையில் யாழினி இருமினாள். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவள் அழுத சத்தம் அன்று எனக்குக் கேட்டது போல வேறு எந்தச் சத்தமும் இதுவரை இனிமையாகக் கேட்டதில்லை. சொட்டச் சொட்ட நின்றுகொண்டு நான் அவள் முதுகைத் தடவினேன்.

அந்த அம்மா என்னை நேராகப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். கன்னடம். நிறுத்தாமல் பேசினார். எனக்குப் புரியாது என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆறுதல். அதையும் என் மகள் விடவில்லை. விசும்பல்களுக்கு நடுவே, ஒரு கடமை போல, சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கண்ணு காணல்வா நிமகெ?" என்றார் அந்த அம்மா.

"உங்களுக்குக் கண்ணு தெரியலையான்னு கேக்கறாங்கப்பா."

அவர் பலகையைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்களாம். அவங்க கத்தறாங்களாம், நீங்க சிரிக்கறீங்களாம்."

அவர் இன்னும் ஒரு வரி சொன்னார். யாழினி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"இப்ப சொன்னத நான் சொல்ல மாட்டேன்ப்பா," என்றாள்.

நான் அந்த அம்மாவைக் கும்பிட்டேன். எந்த மொழியில் நன்றி சொல்வது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். அவர் யாழினியின் கன்னத்தைத் தட்டி, "உஷாரு, மகளே," என்றார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சத்தம் கேட்டு வந்த தனபால், குழந்தைக்குத் துவட்டக் கொடுக்கலாம் என்று பலகை மேலிருந்த துண்டை உருவினார். துண்டு அவருடையதுதான். அடியில் சிவப்பு எழுத்தில், இங்கிலீஷில், தெள்ளத்தெளிவாக, டெப்த் நாலடி என்று இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் படித்தோம். அவர் துண்டைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சுமதி கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். யாழினியை வாங்கித் தலையைத் துவட்டினாள். கண், காது, நகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நான் காவல் காத்த பைகளை அவளே எடுத்துக்கொண்டு நடந்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜன்னல் சீட்

திரும்பும்போது பஸ்ஸில் என் சீட்டில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். ஈரப் பேண்ட்டின் பக்கத்தில் உட்கார யாருக்குத்தான் பிரியம் இருக்கும்? பாதி வழியில் சுமதி முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

"நட்டு போல்ட்டுக்கு எல்லாம் ஒரு மில்லி வுட மாட்டீங்க," என்றாள். "எம் புள்ளைய வுட்டுட்டீங்களே."

அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் கழித்து யாழினி எழுந்து வந்து, ஈரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் என் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. ஓசூர் மலைக்கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கன்னடம் எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். "சும்மா வந்துச்சு," என்றாள்.

"அந்த போர்டுல என்ன போட்டிருந்தது தெரியுமா?"

"ஆழம் நாலடின்னு. நம்ம ஆழம்தான்ப்பா அவங்களுக்கு ஆள. என்னை யாளினின்னு சொல்லுவாங்க இல்ல, அது மாதிரி. அந்தம்மா கத்துனதும் ஆழமா இருக்குன்னுதான்."

பதினேழு வருடம். தெருத் தெருவாக நாக்கை மடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியருக்கு, ழ போன இடம் தெரியவில்லை.

"ஆழம்னு தெரிஞ்சுமா எறங்குன?" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. சுமதி திரும்பிப் பார்த்தாள்.

யாழினி என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கிறதே என்கிற பார்வை.

"நீதானப்பா அளந்து பாத்த," என்றாள். "ஆழம் நாலடி, நான் நாலடிக்குக் கொஞ்சம் கம்மி. ஆனா சரியா இருக்கும்னு புள்ளி வெச்ச. அப்பறம் எனக்கு என்ன பயம்?"

எனக்கு அழுகை வந்தது. ஐம்பது பேர் இருக்கிற கம்பெனி பஸ்ஸில், அதுவும் ரிஜெக்ட் முருகேசன், ஜன்னல் பக்கம் திரும்பவும் வழியில்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகளின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் தலையில் குளோரின் வாசனை அடித்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் புள்ளியை அழிக்கத்தான் முதலில் முயன்றேன். சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய்க்குப் போகவில்லை. துடைத்தால் போகாத பேனா என்று ஊருக்கெல்லாம் பீற்றிக்கொண்டது நான்தான். இன்னும் அழுத்தித் தேய்த்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதுப்பா. இருக்கட்டும் விடு."

திங்கட்கிழமை அவளுக்குக் கோடைச் சிறப்பு வகுப்பு. வாசலில் வேன் வந்து நின்றது. நான் பஸ் பிடிக்கப் பைக்கை எடுத்துக்கொண்டிருந்தேன். வேனில் துணைக்கு வரும் டீச்சர் கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து ஏற்றும்போது மணிக்கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன யாளினி இது, கையில பச்சையா?"

"எங்கப்பா வெச்சது மிஸ்," என்றாள் யாழினி. "செக் பண்ணி எல்லாம் கரெக்டா இருந்தாத்தான் வெப்பாரு."

டீச்சர் சிரித்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் ஸ்டார்ட் ஆகியிருந்த வண்டியை மறுபடி உதைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ஷிப்ட் முழுக்க, அளந்த பாகங்களைத் திரும்பத் திரும்ப அளந்தேன். பச்சைப் பேனாவின் மூடியை மாலை வரை திறக்கவில்லை. என் மேஜையில் சரக்கு குவிந்துகொண்டே போயிற்று. தனபால் மூன்று முறை வந்து எதிரே நின்று பார்த்துவிட்டு, டீவியேஷன் தாளை நீட்டாமலே திரும்பிப் போனார்.